பயிற்சிக்கும் தொழிலுக்கும் இடையே

தொழில் என்ற சொல் ஊதியத்தை மாத்திரம் குறிப்பதன்று. காலையில் எழுந்து செல்வதற்கு ஓரிடம், அங்கே ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு பணி, மாலையில் திரும்பும்போது வீட்டுக்கு வாங்கிச் செல்லும் ஏதேனும் ஒரு சிறு பொருள், நாலுபேர் கூடும் இடத்திலே தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்க ஓர் அடையாளம் ஆகிய யாவும் அச்சொல்லினுள் அடங்கும். புதியவர் ஒருவரை அறிமுகஞ் செய்தவுடன் ஊரார் அவர் பெயரைக் கேட்பர், அடுத்து, "என்ன செய்கிறார்?" என்று கேட்பர். அந்த இரண்டாவது கேள்விக்கு விடைகூற இயலாது மௌனமாய் நிற்போர் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்களுட் பலர் சோம்பலாலே தொழிலின்றி இருப்பவரல்லர். பார்வை இழந்தோர், செவிப்புலன் குன்றியோர், போரிலோ விபத்திலோ கைகால் இழந்தோர், அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்தோர், மனநோயுற்றுத் தேறியோர் ஆகிய இவர்களுக்குத் தொழிலுலகின் வாயில் பெரும்பாலும் அடைத்தே கிடக்கின்றது.

மனிதனுக்கு வாய்த்த குறை வேறு, அவன் தானே தேடிக்கொள்ளும் குறை வேறு என்பதை ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் தெளிவாகப் பிரித்துக் காட்டுவர். அவர் அங்கே ஆண்ட 'பொறி' என்னும் சொல்லுக்கு ஊழ் எனப் பொருள் கண்டோரும் உளர். உறுப்பு எனப் பொருள் கொண்டோரும் உளர். எப்பொருள் கொள்ளினும், தானாக வந்து சேர்ந்த குறைக்காக ஒருவரை இகழ்தல் தகாது என்னும் முடிவு மாறுவதில்லை. ஆனால் முயற்சி செய்வதற்கும் ஒரு களம் வேண்டும். களத்தினுள் நுழையவே விடாது வெளியில் நிறுத்திவிட்டு, முயலவில்லை என்று ஒருவரைப் பழிப்பது நீதியாகாது.

தமிழர் வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவருள் ஒருவர் கண்ணில்லாதவர் என்றும், மற்றவர் காலில்லாதவர் என்றும் மரபு கூறும். கண்ணில்லாதவர் மற்றவரைத் தோளிற் சுமந்து நடந்தார். காலில்லாதவர் தோளிலிருந்து வழிகாட்டினார். ஒருவர் பாட்டின் முற்பகுதியைத் தொடங்க மற்றவர் பிற்பகுதியை முடித்தார் என்ப. அந்தகக்கவி வீரராகவர் என்னும் பார்வையற்ற புலவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பரராசசேகர மன்னன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. இக்கதைகளில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது ஆராய்ச்சியாளர்க்குரிய வினா. எனினும் அவற்றுட் பொதிந்துள்ள உண்மை தெளிவானது. இப்புலவர்கள் தம் புலமையைக் காட்டிப் பரிசில் பெற்றனர். குறையைக் காட்டிப் பெற்றாரல்லர். அப்புலமை வெளிப்படுவதற்கு ஒரு தோளும், ஒரு வழிகாட்டியும், பாட்டைக் கேட்க ஆயத்தமான ஓர் அவையும் தேவைப்பட்டன. தொழிற்பயிற்சி, தொழிலமர்வு, தொழிலிடத்துத் துணை என்று இன்று விரித்துரைக்கப்படுவனவெல்லாம் இம்மூன்றையுமே குறிப்பன எனலாம்.

இலங்கையில் இத்தேவை எவ்வளவு பெரியது என்பதை 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஒருவாறு உணர்த்தும். 5 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோருள் 100 க்கு 8.7 பேர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இடர்ப்பாடு உடையவராய் இருந்தனர். அவர்களுள் 15 வயதுக்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்டால், 100 க்கு ஏறத்தாழ 71 பேர் தொழில் செய்பவராகவோ தொழில் தேடுபவராகவோ இருக்கவில்லை. இத்தொகையில் முதியோர் பலர் அடங்குவர் என்பது உண்மை. எனினும் முதியோரை நீக்கி நோக்கினும் எஞ்சுவோர் தொகை சிறிதன்று. வேலை தேடுவதையே விட்டுவிட்ட ஒருவர் வேலையற்றோர் கணக்கிலும் இடம்பெறார். எந்த ஏட்டிலும் பதியப்படாமல், வீட்டின் பின்விறாந்தையிலே அவருடைய நாட்கள் கழிந்துவிடுகின்றன.

இத்தகையோர்க்குத் தொழில் கற்பிக்கும் முயற்சி உலகிலே பெருமளவில் எழுந்தது முதலாம் உலகப் போரின்போதாகும். பிரித்தானியாவில் சேர் ஆதர் பியர்சன் என்பவர் பெரும் பத்திரிகை அதிபராய் விளங்கினார். கண்ணோயினால் அவர் தம் பார்வையை இழந்தார். போர்முனையிற் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக 1915 இல் அவர் இலண்டனில் ஓர் இல்லத்தை நிறுவினார். சென் டன்ஸ்ரன் என்று அது பெயர் பெற்றது. புள்ளியெழுத்து, தட்டெழுத்து, உடல் பிடித்துவிடும் மருத்துவமுறை, தொலைபேசி இயக்குதல், தச்சு, கூடை முடைதல், பாதணி திருத்துதல், கோழி வளர்ப்பு ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. கற்பித்தோருட் பலர் தாமும் பார்வையற்றவரே. கண்ணில்லாத ஆசிரியர் ஒருவர் தச்சுப் பலகையின்முன் நின்று வேலைசெய்வதை அறிந்த மாணவனுக்கு, இது தன்னாலும் இயலும் என்னும் நம்பிக்கையைத் தனியாக ஊட்டவேண்டியிருக்கவில்லை.

பியர்சன் செய்தவற்றுள் மிக ஆழ்ந்து நோக்கத்தக்கது வேறொன்று உண்டு. பயிற்சி முடிந்து வெளியேறியோரை அவர் கைவிட்டுவிடவில்லை. பின்பராமரிப்புக்கென ஒரு தனிப் பகுதியை ஏற்படுத்தினார். கூடை முடைவோர்க்கு மூலப்பொருள் வாங்கிக் கொடுத்தல், செய்த பொருள்களை விற்றுக் கொடுத்தல், வீடுதேடிச் சென்று வேலையின் தரத்தைப் பார்த்துத் திருத்துதல் ஆகியன அப்பகுதியின் கடமைகள். கூடை முடையத் தெரிந்தமையால் மாத்திரம் ஒருவர் பிழைத்துவிட முடியாது. பிரம்பு எங்கே வாங்குவது, கூடையை யாரிடம் விற்பது என்பனவும் அவருக்குத் தீரவேண்டிய வினாக்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவர் பல நாட் பாடுபட்டுக் கற்பாறையை உடைத்துக் கிணறு தோண்டுகிறார் எனக் கொள்க. நல்ல தண்ணீரும் ஊறிவிட்டது. ஆனால் துலா இல்லை, கயிறு இல்லை, இறைக்கப் பட்டையும் இல்லை. அக்கிணற்றினால் ஒரு மிளகாய்க் கன்றேனும் நனையாது. சான்றிதழோடு நின்றுவிடும் தொழிற்பயிற்சியும் அத்தகையதே. 2009 மே மாதத்திற் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நல்லெண்ணத்தோடு நடைபெற்ற பயிற்சிகள் பல இவ்விடத்திலேதான் தடைப்பட்டன. ஒரே கிராமத்திற் பலருக்குத் தையற் பயிற்சியும் தையல் இயந்திரமும் வழங்கப்பட்டன. தைப்பிக்க வருவோரோ சிலர். தைக்கக் கற்றவரிடத்துக் குறை யாதுமில்லை; சந்தையை அளந்து பாராமற் பயிற்சியைத் திட்டமிட்டமையே குறை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியா சட்டத்தின் துணையை நாடிற்று. உடற்குறையுடையோர் தொழிற் சட்டம் 1944 இல் நிறைவேறியது. 20 பேரும் அதற்கு மேற்பட்டும் பணிபுரியும் நிறுவனங்கள், தம் ஊழியருள் 100 க்கு 3 பேரைப் பதிவுசெய்யப்பட்ட உடற்குறையுடையோராகக் கொள்ளவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. மின்தூக்கி இயக்குவோர், வண்டித் தரிப்பிடக் காவலர் ஆகிய இரு தொழில்களும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்ததாயினும், இவ்வொதுக்கீட்டினுள்ளே ஒரு தாழ்ந்த மதிப்பீடும் மறைந்திருந்தது. பொறியியலாளராகவோ கணக்காளராகவோ வரக்கூடிய ஒருவரையும் மின்தூக்கியின் வாயிலில் நிறுத்திவைத்தாற் போதும் என்னும் எண்ணம் அதில் தொனிக்கவில்லையா? மூன்று வீத விதியும் ஏட்டளவில் நின்றது. அதனை மீறியோர்மீது வழக்குத் தொடர்ந்தமை மிக அரிது. 1995 இல் வேறொரு சட்டம் வந்து அதனை நீக்கியபோது அதற்காக வருந்தினோர் சிலரே.

அக்காலத்திலேயே, கடுங்குறையுடையோர்க்கெனத் தனித் தொழிற்சாலைகளை நடத்தும் றெம்ப்ளோய் என்னும் நிறுவனத்தையும் பிரித்தானிய அரசாங்கம் 1945 இல் தோற்றுவித்தது. அதன் முதற் றொழிற்சாலை 1946 இல் வேல்ஸ் நாட்டிலுள்ள பிறிட்ஜென்ட் என்னும் ஊரில் திறக்கப்பட்டது. இத்தகைய காப்புத் தொழிற்சாலைகள் பல்லாயிரவர்க்குச் சம்பளமும் தோழமையும் அளித்தன. ஆனால் அவர்கள் ஏனையோரிடமிருந்து பிரிந்தே வாழ்ந்தனர். அங்கிருந்து வெளியுலகத் தொழிலுக்குச் சென்றோர் மிகச் சிலர். கடைசித் தொழிற்சாலைகள் 2013 இல் மூடப்பட்டன. மூடப்பட்டபோது வெளியேறியோருட் பலர் நெடுங்காலம் வேறு வேலையின்றி வருந்தினர். காப்பிடத்தை எடுத்துவிட்டால் மாத்திரம் திறந்த உலகம் தானே வரவேற்றுவிடாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இதற்கிடையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் புதியதொரு சிந்தனை முளைத்தது. இலினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்க் கோல்ட் என்பவர், அறிவு வளர்ச்சி மிகக் குன்றியோர் எனத் தள்ளப்பட்ட இளைஞர்களுக்கு, துவிச்சக்கரவண்டியின் தடுப்புப் பொறியைப் பூட்டக் கற்பித்தார். பல சிறு உறுப்புகளை வரிசை பிறழாமற் சேர்க்கும் நுட்பமான வேலை அது. வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் செய்து காட்டி, தவறியபோது சினவாது வேறொரு வழியால் முயலச் செய்தார். அவர்கள் கற்றுக்கொண்டனர். 1972 இல் அவர் இதனை ஆய்வாக வெளியிட்டார். கற்க இயலாதவர் என்று எண்ணப்பட்டவரிடத்திற் பெரும்பாலும் குறை இல்லை, கற்பித்த முறையிலேதான் குறை உண்டு என்பது அவர் கண்ட முடிவு. ஆசிரியத் தொழில் புரிவோர் யாவரும் தம் மேசைமீது எழுதி வைத்துக்கொள்ளத்தக்க முடிவு இது.

இதனைத் தொடர்ந்து பழைய வரிசை தலைகீழாக மாறிற்று. முன்னர், பல ஆண்டுகள் பயிற்றி, ஆயத்தமானவர் என்று கண்ட பின்னரே வேலைக்கு அனுப்புவர். ஆயத்தமாகும் நாள் பலருக்கு வரவே இல்லை. புதிய முறையில், முதலில் உண்மையான வேலையொன்றில் அமர்த்தி, அவ்விடத்திலேயே பயிற்சி அளிப்பர். அதற்கென ஒரு துணைவர் உடன் செல்வார். முதல் வாரங்களில் நாள்முழுதும் பக்கத்தில் நிற்பார், பின்னர் அரைநாள், பின்னர் வாரத்துக்கு ஒருமுறை. நீந்தப் பழக்குபவர் பிள்ளையின் வயிற்றின்கீழ்த் தாங்கியிருக்கும் கையை மெல்ல மெல்ல எடுப்பதைப் போல் அவர் விலகிக்கொள்வார். 1986 இல் இம்முறை அந்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1990 களில் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் டெபறா பெக்கர், றொபேட் டிறேக் ஆகிய இருவர் கடுமையான மனநோயுற்றோரிடத்தும் இம்முறையைக் கையாண்டனர். வேலை செய்ய விருப்பம் உண்டு என்று சொல்லும் எவரையும் தள்ளாமை, அவர் விரும்பும் தொழிலையே தேடுதல், மருத்துவரும் தொழில் தேடிக் கொடுப்பவரும் ஒரே குழுவாய் இயங்குதல், கால எல்லையின்றித் துணைநிற்றல் என்பன அவர்கள் கொண்ட நெறிகள். பின்னர்ப் பல நாடுகளில் நடந்த 20 க்கு மேற்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகள், பழைய முறையைவிட இம்முறையாலே திறந்த தொழிலில் அமர்ந்தோர் தொகை மிகுதி என்பதை நிறுவியுள்ளன.

இனி இலங்கையின் நிலையை நோக்குவோர்க்கு, அடித்தளம் இல்லாமலில்லை என்பது புலனாகும். பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்குமான பாடசாலை மேரி சப்மன் அம்மையாரால் இரத்மலானையில் 1912 இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வியளித்து வருகின்றது. சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை முதலிய இடங்களிற் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகின்றது. பொதுமக்கள் யாவர்க்குமான தொழிற்பயிற்சி அதிகாரசபை 1995 இல் அமைந்தது. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு படிநிலைச் சான்றிதழ் முறையும் நடைமுறையில் உண்டு. பாடசாலையில் அதிகம் படிக்காதவரும், அநுபவத்தாற் பெற்ற திறமையைச் செய்து காட்டி அச்சான்றிதழைப் பெற அம்முறையிலே இடமுண்டு. பள்ளிப்படிப்பு இடையில் முறிந்தோர்க்கு இஃது ஒரு பெரிய வாய்ப்பு. ஆனால் இதனை அறிந்தோர் குறைவு.

சட்டமும் விதியும் உண்டு. 27/88 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988 இல் வெளிவந்தது. அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களுள் 100 க்கு 3 இடங்களைத் தகைமையுடைய உடற்குறையுடையோர்க்கு வழங்க வேண்டும் என்று அது கூறிற்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணங்காட்டித் தொழிலில் வேற்றுமை பாராட்டுவதைத் தடைசெய்தது. பொதுக் கட்டடங்களினுள் யாவரும் செல்ல வழியமைக்கும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது.

இத்தனையும் இருந்தும் வாயில் ஏன் திறக்கவில்லை? அந்தச் சுற்றறிக்கையிலேயே ஒரு நிபந்தனை உண்டு. குறைபாடு கடமையைச் செய்வதற்குத் தடையாக இருத்தலாகாது என்பதே அது. கேட்குந்தோறும் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் தடையா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? நேர்முகப் பரீட்சையிலே எதிரே அமர்ந்திருப்பவர், வருபவரின் ஊன்றுகோலைப் பார்க்கிறார். ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார். பார்வையற்ற பட்டதாரி எப்படிக் கோப்பு வாசிப்பார் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார், வந்தவரைக் கேட்பதில்லை. கேட்டிருப்பின், கணினியின் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள் உண்டு என்பதையும், அவற்றுள் ஒன்றை 2006 இல் ஒஸ்ரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவரே உருவாக்கத் தொடங்கி இலவசமாக வழங்கினார் என்பதையும், அது தமிழையும் வாசிக்கும் என்பதையும் அறிந்திருப்பார். ஐந்து நிமிடப் பார்வைக்குப் பதிலாக ஐந்து நாட் பரீட்சார்த்த வேலை கொடுத்துப் பார்ப்பது இந்நிபந்தனையை நேர்மையாக நிறைவேற்றும் வழியாகும்.

பயிற்சியிலிருந்து தொழிலுக்குச் செல்லும் வழியில் எத்தகைய தடைகள் எதிர்ப்படும் என்பதை விளங்கிக்கொள்ள, கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து கொள்க. சிறுவயதில் மிதிவெடியிற் காலொன்றை இழந்தவன். செயற்கைக் கால் அணிந்திருக்கிறான். கைத்தொலைபேசி திருத்தும் பயிற்சியை ஆறு மாதம் பெற்று, சான்றிதழும் வாங்கிவிட்டான். சான்றிதழ் றங்குப்பெட்டியில் இருக்கின்றது. அவன் வீட்டில் இருக்கிறான். "நாங்கள் இருக்கும்வரை அவனுக்கு என்ன குறை?" என்பது தாயின் சொல். அன்பிலிருந்து பிறந்த சொல்தான். ஆயினும் 'இருக்கும்வரை' என்ற ஒரு சொல்லிலே அக்குடும்பத்தின் அச்சமெல்லாம் அடங்கியுள்ளது. அதற்குப் பிறகு என்ன என்று தாயும் கேட்பதில்லை, மகனும் கேட்பதில்லை.

தொழில் தேடிக் கொடுக்கும் அலுவலர் ஒருவர் அவ்வீட்டுக்கு வருகிறார் எனக் கொள்க. நகரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் பேசுகிறார். கடையின் திருத்தும் மேசை மேல்மாடியில் உள்ளது, படியோ செங்குத்து. மேசையைக் கீழே இறக்க ஒரு பகற்பொழுது போதும், செலவு ஏதுமில்லை. அடுத்து, பஸ் வண்டி. படி உயரம், நடத்துனருக்கோ அவசரம். இரண்டு நாள் உடன் பயணஞ் செய்து, சாரதியோடும் நடத்துனரோடும் பேசிவிட்டால் அதுவும் தீரும். அடுத்து, குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதாந்தக் கொடுப்பனவு நின்றுவிடுமோ என்ற அச்சம். விதிகளை அறிந்த ஒருவர் பிரதேச செயலகத்தில் விசாரித்து, உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

இவ்வளவுந் தாண்டி அவன் வேலைக்குச் சென்ற பின், மூன்றாம் வாரத்திற் கடைக்காரர் குறை சொல்கிறார்: "வேலை மந்தம்." அலுவலர் சென்று அரைநாள் பக்கத்திலிருந்து பார்க்கிறார். கையிலே மந்தமில்லை, காலும் காரணமன்று. பல ஆண்டு வீட்டினுள் வாழ்ந்தமையால், வாடிக்கையாளரிடம் பேச அஞ்சுகிறான். பழுது யாதென்று கேட்டறியாமலே கருவியைப் பிரித்துத் தேடுகிறான், நேரம் வீணாகின்றது. பேசப் பழக்க இன்னும் இரண்டு வாரம் தேவை, அவ்வளவே. தடை இருக்குமென்று யாவரும் பார்த்த இடம் ஒன்று. அது உண்மையில் இருந்த இடம் வேறொன்று. உடன் சென்று பார்ப்பவர் ஒருவர் இல்லாதிருப்பின், அவன் அந்த மூன்றாம் வாரத்திலேயே வீடு திரும்பியிருப்பான். "இவர்களால் இயலாது" என்று கடைக்காரரும் முடிவு கட்டியிருப்பார். அம்முடிவு அவனோடு நில்லாது, அவனுக்குப் பின் வரும் பலருக்கும் வாயிலை அடைத்திருக்கும்.

கருவியும் தொழிலுக்கேற்ப அமைதல் வேண்டும். 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், சேத்தி என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து புதியதொரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். கைவினைஞரின் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. மேனாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும், குந்தியிருக்க இயலாது, சேற்றில் இறங்க இயலாது. இறப்பரினாற் செய்த ஜெய்ப்பூர்ப் பாதமோ வெறுங்காலாக நடக்கவும், சப்பணமிட்டு உட்காரவும், நனைந்த வயலில் இறங்கவும் இடங்கொடுத்தது. போர்க்காலந் தொட்டு யாழ்ப்பாணத்திலும் இப்பாதம் செய்து வழங்கப்பட்டு வந்துள்ளது. ஒரு விவசாயி மீண்டும் வயலில் இறங்கினான் என்றால், அதற்குக் காரணம் மருத்துவ அறிவோடு அவனுடைய தொழிலையும் ஒருவர் எண்ணிப் பார்த்தமையே.

தொழில் கொள்வோர் கூறும் தடைகளும் கவனித்தற்குரியன. விபத்து நேருமே, வரவு ஒழுங்காயிராதே, செலவு கூடுமே என்று அவர் அஞ்சுகிறார். டூபொன்ற் என்னும் பெரிய அமெரிக்க நிறுவனம் 1958 முதல் 1990 வரை தன் ஊழியரிடையே பலமுறை இதனை ஆராய்ந்தது. பாதுகாப்பு, வரவு, கடமைத்திறன் ஆகிய மூன்றிலும் உடற்குறையுடைய ஊழியரின் பெரும்பான்மையோர் ஏனையோருக்கு நிகராகவோ மேலாகவோ விளங்கினர் என்பதே முடிவு. ஆடைத் தொழிற்சாலையொன்றிற் செவிப்புலனற்ற பெண்ணொருத்தி தைக்க வேண்டுமாயின், மணியொலியோடு ஒரு மின்விளக்கும் எரியச் செய்தாற் போதும். மேற்பார்வையாளர் இருபது சைகைகளைக் கற்றுக்கொண்டாற் போதும். இயந்திரங்களின் இரைச்சல் அவளுடைய கவனத்தைக் கலைப்பதில்லை.

உடற்குறை மாத்திரமே தடையன்று. போரிலே கணவனை இழந்து குடும்பப் பொறுப்பைத் தாங்கும் பெண்கள், புனர்வாழ்வு பெற்று வெளிவந்த ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள், சிறைவாசம் முடித்தோர் ஆகியோர்க்கும் வாயில் எளிதிற் றிறப்பதில்லை. அவர்களிடத்து உறுப்புக் குறை இல்லாதபோதும் ஊராரின் ஐயம் குறுக்கே நிற்கின்றது. வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் கடினமான பணியிற் குடும்பத் தலைவியரான பெண்கள் பலர் பல்லாண்டு பணிபுரிந்தமை, வாய்ப்புக் கிடைத்தவிடத்து அவர்களின் துணிவும் நிதானமும் எவ்வளவு என்பதைக் காட்டும்.

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவாகவே உள்ளன. பயிற்சியைத் தொடங்குமுன் அவ்வட்டாரத்தில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று அளந்தறிதல் வேண்டும். பயிற்சி பெறுவோரின் விருப்பத்தைக் கேட்டல் வேண்டும். கண்ணில்லாதவர்க்குக் கதிரை பின்னல், காலில்லாதவர்க்குத் தையல் என்று முன்கூட்டியே விதித்தல் கூடாது. ஒவ்வொரு பயிற்சித் திட்டத்தின் செலவுக் கணக்கிலும், பயிற்சிக்குப் பின் ஓராண்டேனும் துணைநிற்கும் அலுவலரின் சம்பளத்துக்கும் பயணச் செலவுக்கும் இடம் ஒதுக்குதல் வேண்டும். எத்தனை பேர் சான்றிதழ் பெற்றனர் என்று எண்ணுவதோடு, ஓராண்டின் பின் எத்தனை பேர் தொழிலில் நிலைத்தனர் என்று எண்ணிப் பார்த்தே திட்டத்தின் வெற்றியைக் கூறுதல் வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இதிற் பங்கு உண்டு. வகுப்பறையின் படி ஏற முடியாமற் கல்வியை விட்ட பிள்ளை, பின்னர் எந்த ஒதுக்கீட்டுக்கும் வேண்டிய தகைமையைப் பெறமாட்டாது. தொழிலமர்வின் முதற்படி பாடசாலை வாயிலிலுள்ள சாய்தளமே. அத்தகைய பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவன் நாளைக்கு முதலாளியாகவோ அதிகாரியாகவோ வரும்போது, ஊன்றுகோலைக் கண்டு திகைக்கமாட்டான்.

நேயர்களே, இவ்வுரையைச் செவிமடுப்போருட் கடைக்காரர் சிலர் இருத்தல் கூடும். தொழிற்சாலை முகாமையாளர் இருத்தல் கூடும். பிள்ளையை அன்பினால் வீட்டினுள்ளே வைத்திருக்கும் பெற்றோரும் இருத்தல் கூடும். முன்னையோர் அடுத்த வெற்றிடம் ஏற்படும்போது ஒருவருக்கு ஒரு மாதம் இடங்கொடுத்துப் பார்க்கலாம். பெற்றோர் நாளைக் காலையிலேயே பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை அலுவலரைக் கண்டு, தம் மகனுக்கோ மகளுக்கோ ஏற்ற பயிற்சி யாது, பயிற்சியின் பின் தொழில் தேடித் தருவார் யார் என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்கலாம். முதற் கேள்விக்கு மாத்திரம் விடை பெற்றுத் திரும்பாமல், இரண்டாவதற்கும் விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருத்தல் அவர்களுடைய உரிமையாகும்.